ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

மட்டிக்களி,
திருகோணமலை.
11 பெப்ரவரி 2024

மச்சாள் பாக்கியரத்தினத்துக்கு,

இந்தக் கடிதத்தை நான் விரும்பி எழுதவில்லை. உங்கள் அண்ணர் சொல்லித்தான் எழுதுகிறேன். உங்கள் தொலைபேசி இலக்கத்தை நான் தடைசெய்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். தைப்பொங்கலன்று என் வீட்டு விறாந்தையில் நின்றுகொண்டு, இருபது சனத்துக்கு முன்னால், "என்ர அண்ணனுக்குச் சோறு போடத் தெரியாதவள்" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. கடிதத்தில் சத்தம் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் மெலிந்தது என் சமையலால் இல்லை. போன ஏப்ரலில் இரத்தம் சோதித்தபோது வெள்ளை அணுக்கள் மிகவும் கூடியிருந்தன. இரத்தப் புற்றுநோய். மெல்ல மெல்லப் போகிற, நாட்பட்ட வகை. இப்போதைக்கு மருந்து தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்ப்போம், கூடினால்தான் பெரிய மருந்து என்று கிளினிக் டொக்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரிய மருந்து தொடங்குகிற நாளைத் தள்ளிப்போடுவதுதான் இப்போது எங்களுக்கு வேண்டியது.

சென்ற கிளினிக்கில் விற்றமின் டி பார்த்தார்கள். முப்பதுக்கு மேல் இருக்க வேண்டியது ஒன்பது இருந்தது. துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்திரண்டு வருடம் ரியூப் லைற்றுக்குக் கீழே இருந்த மனிதர் அல்லவா. இது குறைந்தவர்களுக்கு இந்த நோய் கெதியாக முற்றுகிறது என்று சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்களாம். கொடுத்தால் நோய் நிற்கும் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லையாம். எப்படியோ, இருக்கிற குறையை நிரப்புவோம் என்று ஐம்பதாயிரம் யூனிற் குளிசை எழுதித் தந்தார். வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டோடு என் கையால் கொடுக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வயல் பார்க்க அவர் அங்கே வருவதை நான் மறிக்கவில்லை. கசாயம், இலை, வேர் என்று ஒன்றும் கொடுக்க வேண்டாம். மூன்றரை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். அவருடைய மருந்து என் பொறுப்பு.

கமலாதேவி சோமசேகரம்


திரியாய்
15.2.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் "அன்புள்ள" என்று போட்டிருக்கிறேன், பார்த்தீர்களா? உங்களுக்கு அதை எழுத மட்டும் பேனையில் மை காணாமல் போய்விட்டதாக்கும். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்த ஆள், மச்சாளுக்கும் கந்தோர்க் கடிதம்தான் எழுத வரும்.

பத்து மாதம்! பத்து மாதமாக என்ர அண்ணனுக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். கடிதம் கொண்டுவந்த புல்மோட்டை பஸ் கொண்டக்டர் றிஸ்கான்தான் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தவர். ரோட்டில் பஸ் நிற்கிறது, உள்ளே சனம் கத்துகிறது, நான் இங்கே கடதாசியைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன்.

பொங்கலன்று நான் பேசியது பிழைதான். எலும்பும் தோலுமாய் இருந்தவரைப் பார்த்தால் வாய் சும்மா இருக்குமா? சொல்லியிருந்தால் நான் பேசியிருப்பேனா? கேட்கிறேன், என்னிடம் மறைக்க நீங்கள் யார்? தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரைவிட்டு ஓடினபோது காய்ச்சலோடு கிடந்த என்னைச் சைக்கிளில் வைத்து நிலாவெளி மட்டும் உருட்டிக்கொண்டு போனவர் அவர். நீங்கள் வந்தது தொண்ணூற்று மூன்றில். உங்களுக்கும் பிள்ளை இல்லை, எனக்குக் கலியாணமே இல்லை. இரண்டு பேருக்கும் இருக்கிறது அந்த ஒரு மனிசன். அவரை நீங்கள் மட்டும் அலுமாரியில் வைத்துப் பூட்டினால் நான் எங்கே போக?

அந்த விற்றமின் வெயிலில் இருந்து வருவதுதானே? அவர் வருகிற நாளெல்லாம் சேட்டைக் கழற்றிவிட்டு வரம்பில் இருத்துவேன். உங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் மதில், வெயில் எங்கால் வரும்? கசாயம் கொடுக்கமாட்டேன், பயப்படாதேங்கோ. ஆனால் மூன்றரை பஸ்ஸில் ஏற்றவும் மாட்டேன். ஐந்து மணிக்கும் பஸ் இருக்கிறது.

பாக்கியம்


மட்டிக்களி
19 மே 2024

மச்சாள் பாக்கியரத்தினத்துக்கு,

மட்டிக்களியிலும் அதே சூரியன்தான் எரிக்கிறது. காலையில் அரை மணித்தியாலம் அவரைக் கடலோரமாக நடத்துகிறேன். மதிலைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கிளினிக். விற்றமின் டி ஒன்பதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. வெள்ளை அணுக்கள் கூடவில்லை. டொக்டர் றிப்போட்டைப் பார்த்துவிட்டு, "ஆர் குளிசை குடுக்கிறது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "வடிவாப் பாக்கிறீங்கள் அம்மா. இப்பிடியே போங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். தாதி நஸ்ரின் அதைக் கிளினிக் அட்டையில் எழுதித் தந்தார். முப்பத்தொரு வருடத்தில் உங்கள் குடும்பத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லாத சொல் அது. அதை உங்களுக்கு அறிவிக்கத்தான் எழுதுகிறேன்.

இன்னுமொன்று. திரியாயிலிருந்து வருகிறபோது அவர் சிரித்துக்கொண்டு வருகிறார். ஞாயிறு காலை மட்டும் அந்தச் சிரிப்பு இருக்கிறது. பிறகு பேப்பரை விரித்துவிட்டால் என்னோடு ஒரு கதையும் இல்லை. அங்கே என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா, ஊர்க் கதை" என்கிறார். எனக்கும் ஊர்க் கதை விளங்கும்.

கமலாதேவி


திரியாய்
23.5.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நாற்பத்தெட்டு என்று வாசித்ததும் ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன். திரும்பி வந்து மிச்சத்தை வாசித்தேன். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நான்தான், என் கையால், என் பொறுப்பு. அவருக்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்களா?

கிழமைக்கு ஒரு குளிசை ஒரு மனிசனை ஒன்பதிலிருந்து நாற்பத்தெட்டுக்குத் தூக்குமா? மிச்ச ஆறு நாளும் அவர் உடம்பில் என்ன ஓடியது என்று நினைக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான் சொல்லுவேன். அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த டொக்டர் என்னைப் பார்த்தும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்.

சிரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். போன முறை வந்தபோது என் ஆடு அவருடைய செருப்பின் வாரைச் சப்பித் தின்றுவிட்டது. வெறுங்காலோடு அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். நின்று மூச்சு வாங்கிச் சிரித்தார். உங்கள் வீட்டில் செருப்புத் தின்ன ஆடு இல்லை, அதற்கு நான் என்ன செய்ய?

பாக்கியம்


மட்டிக்களி
14 யூலை 2024

மச்சாள் பாக்கியரத்தினத்துக்கு,

அவருக்கு ஒரு மாதமாகச் சுகமில்லை. தண்ணீர், தண்ணீர் என்று குடித்தபடி இருக்கிறார். வயிறு இறுகிப்போய்க் கிடக்கிறது. "வாய் கைக்குது கமலா" என்று கோப்பையைத் தள்ளிவிடுகிறார். நேற்று முன்தினம் விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டு வாய்கூட உண்ணவில்லை.

அங்கே மட்டும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுகிறார் என்று நீங்கள் றிஸ்கானிடம் சொல்லியனுப்புகிறீர்கள். அவர் என்னிடம் வந்து சொன்னது வேறு. "ஐயா பஸ் படியில ஏறேலாமக் கிடந்தவர் அம்மா, நான்தான் கையைப் பிடிச்சு ஏத்தினனான்" என்றார். என் கையில் உண்ணாத மனிதர் உங்கள் கையில் உண்ணுகிறார் என்றால் நான் என்ன நினைக்க வேண்டும்? என்ன போட்டுச் சமைக்கிறீர்கள்? உங்கள் வீட்டுப் புகைவாசம் அவருடைய சேட்டில் இருந்து போக எனக்கு இரண்டு தோய்ச்சல் வேண்டியிருக்கிறது. தோய்க்கிறபோதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த நோய்க்கு முதல் அவர் எங்கே போனாலும் நான் ஏன் என்று கேட்டதில்லை. இப்போது அவருக்கு இருக்கிற நாட்களை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதில் மாதம் இரண்டு நாளை உங்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

இனிமேல் சனிக்கிழமைகளில் அவர் வரமாட்டார். குத்தகைக்காரனோடு நீங்களே கதையுங்கள்.

கமலாதேவி


திரியாய்
28.7.2024

மச்சாளுக்கு,

நீங்கள் மறித்தும் நேற்று வந்தார். கச்சேரியில் ஓய்வூதிய அலுவல் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு வந்தாராம். சனிக்கிழமையில் எந்தக் கந்தோர் திறந்திருக்கும் என்றுகூட யோசிக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை போல.

வந்தவர் படலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே கூட்டிவந்து இருத்தினேன், வாந்தி எடுத்தார். ஒரு பிடி சோறு இறங்கவில்லை. இரண்டு தரம் சாப்பிடுகிறார் என்று நான் சொல்லியனுப்பியது பொய். ஒரு மாதமாக இங்கேயும் அவர் ஒன்றும் தின்கிறதில்லை. உங்களுக்கு எரியட்டும் என்றுதான் சொன்னேன்.

பிறகு என்னைப் பார்த்து, "கமலா, கொஞ்சம் தண்ணி தா" என்றார். நான் பாக்கியம் என்று சொன்னேன். திரும்பவும் கமலா என்றார். மச்சாள், அறுபது வருடம் அவருக்குத் தங்கச்சியாக இருந்திருக்கிறேன், என் வீட்டில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்த்து உங்கள் பெயரைச் சொல்கிறார். எனக்குப் பயமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் ஆத்திரம்தான். பஸ்ஸில் விடப் பயந்து ஓட்டோ பிடித்து அனுப்பினேன். நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் அவருக்கு? கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ.

பாக்கியம்


மட்டிக்களி
16 ஓகஸ்ட் 2024

மச்சாள் பாக்கியரத்தினத்துக்கு,

புதன்கிழமை குசினி வாசலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். இரத்தத்தில் கல்சியம் கடுமையாகக் கூடிவிட்டது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது.

இதுவரை மெல்லப் போன நோய் குணம் மாறி வேகமான வகையாகிவிட்டதோ என்று டொக்டர் சந்தேகப்படுகிறார். அப்படி மாறினால் கல்சியம் இப்படி ஏறுமாம். திங்கட்கிழமை கொழும்புக்கு அனுப்புகிறார்கள். கழுத்தில் வீங்கியிருக்கிற கட்டியில் சதை எடுத்துப் பார்த்துப் பெரிய மருந்து தொடங்குவார்கள். "இந்தக் கிட்னியோட அதைத் தாங்குவாரோ எண்டு என்னால சொல்ல ஏலாது அம்மா" என்றார். நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நாள் வந்துவிட்டது.

"வேற ஏதும் குளிசை, வேற ஆக்கள் குடுத்த மருந்து ஏதும் பாவிக்கிறவரோ?" என்று இரண்டு தரம் கேட்டார். வாரத்துக்கு ஒரு விற்றமின் குளிசை மட்டும்தான் என்று சொன்னேன்.

என்னைப் "பாக்கியம்" என்று கூப்பிடுகிறார். நான் திருத்தவில்லை. நீங்கள் வர வேண்டாம். வந்தால் அவருக்கு முன்னாலேயே சண்டை வரும்.

கமலாதேவி


திரியாய்
17.8.2024, விடிய

மச்சாள்,

றிஸ்கானின் போனில் இருந்து ஆறு தரம் எடுத்தேன், தெரியாத இலக்கம் என்று நீங்கள் தூக்கவில்லை. நானே வர வெளிக்கிட்டு, படலை மட்டும் போய்த் திரும்பினேன். என்னைக் கண்டதும் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், சொல்ல வேண்டியது அந்தச் சத்தத்தில் போய்விடும். கடிதமென்றால் கடைசி வரைக்கும் வாசிப்பீர்கள். முதல் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாசித்த உடனே டொக்டரிடம் ஓடுங்கோ.

நான் அவருக்கு விற்றமின் டி கொடுத்தேன். சின்னம்மாவின் மகன் சசிகரன் மார்ச்சில் கனடாவில் இருந்து வந்தபோது சொல்லி எடுப்பித்தது. ஒன்று பத்தாயிரம் யூனிற். நாளுக்கு இரண்டு போடச் சொன்னேன். புற்றுநோய்க்காரர் நிறையப் போட வேண்டும் என்று போன் வீடியோவில் ஒரு ஆள் சொன்னதைக் கேட்டேன். பெரிய போத்தல், முதலாவது முடிந்து இரண்டாவதும் அரைவாசி போய்விட்டது. "கமலாவுக்குக் காட்டாதேங்கோ அண்ணா" என்று நான்தான் சொன்னேன். "சரி, உனக்குச் சந்தோசமெண்டாப் போடுறன்" என்று தன்ர துறைமுகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

விற்றமின்தானே, அது என்ன செய்யும் என்று நினைத்தேன். நோய் மாறினால் மாறினது என்னால் என்று ஆகாமல் இருக்க வேண்டும் என்று ராவு முழுக்கக் கும்பிட்டேன். பிறகுதான் யோசித்தேன், என்னால் என்று ஆனால் அல்லவா நல்லது? நோய் வேகமான வகைக்கு மாறவில்லை என்று ஆகுமே. என்னால்தான் என்று இருக்க வேண்டும் மச்சாள். டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கோ. முடிந்த முதலாவது போத்தலை என்னிடம் திருப்பித் தந்தவர், அதையும் அனுப்புகிறேன்.

எனக்கு அந்த நாற்பத்தெட்டில் பங்கு வேண்டும் என்று இருந்தது. அதுதான் என் குற்றம். அவரைக் கொழும்புக்கு விடாதேங்கோ. உங்கள் காலில் விழுகிறேன்.

பாக்கியம்


ஆஸ்பத்திரி,
22 ஓகஸ்ட் 2024

மச்சாள்,

வாட்டுக்கு வெளியே கிடக்கிற மர வாங்கில் இருந்து எழுதுகிறேன். முதலில் நல்லதைச் சொல்கிறேன். கல்சியம் இறங்குகிறது. ஐந்து நாளாகச் சேலைன் ஏறுகிறது. கொழும்புப் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். நோய் மாறவில்லை, இது அதிகமான விற்றமின் கல்சியத்தை ஏற்றிச் செய்த வேலை என்று டொக்டர் இன்று உறுதியாகச் சொன்னார். சிறுநீரகம் முழுக்கத் திரும்புமா என்று தெரியவில்லை. உயிருக்குப் பயமில்லை.

உங்கள் கடிதத்தையும் போத்தலையும் அன்றைக்கே காட்டினேன். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள். விற்றமின் டி முந்நூறைத் தாண்டி இருந்தது. நூறுக்கு மேலே போகக் கூடாதாம். டொக்டர் போத்தலைப் பார்த்தார், றிப்போட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, இவ்வளவு ஏற இது மட்டும் காணாதே" என்றார்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

அந்தப் போத்தலை நான் மே மாதமே கண்டுவிட்டேன். "எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது" என்று நீங்கள் எழுதின கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பையைத் திறந்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். எனக்கு விளங்கியது. எடுத்து எறிந்திருக்கலாம், அவரைக் கேட்டிருக்கலாம், டொக்டரிடம் கொண்டுபோயிருக்கலாம். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். டொக்டரிடம் காட்டினால், அவர் என்னைப் பாராட்டின அந்த நாற்பத்தெட்டில் பாதி உங்களுடையது என்று ஆகிவிடும். அதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை.

அதோடு விடவில்லை. உங்கள் குளிசை முந்தக் கூடாது என்று என் ஞாயிற்றுக்கிழமைக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கினேன். கிளினிக்கில் தந்தது முடிந்ததும் பஹ்மியின் பாமசியில் டொக்டர் எழுதித் தந்த பழைய சிட்டையைக் காட்டி வாங்கினேன். "டொக்டர் கூட்டினவரோ அம்மா?" என்று மருந்து எடுத்துத் தந்த பிள்ளை கேட்டது. ஓம் என்றேன். அடுத்த கிளினிக்கில் எழுபது வர வேண்டும், அது முழுக்க என்னுடையதாக இருக்க வேண்டும் என்று இருந்தேன். அவர் இரண்டு பேரிடமும் வாங்கி இரண்டையும் விழுங்கியிருக்கிறார். ஒருவருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

டொக்டர் இரண்டு தரம் கேட்டபோது இவர் கட்டிலில் நினைவு தடுமாறிப் பிசத்திக்கொண்டு கிடந்தார். நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இல்லை என்றேன். அந்த நேரத்திலும் என் மனதில் நின்றது நீங்கள்தான். உங்கள் கடிதம் வந்திராவிட்டால் திங்கட்கிழமைக்கு முதல் நான் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. தெரியாது மச்சாள்.

நேற்றுத்தான் அவருக்குத் தெளிவு வந்தது. கண் திறந்ததும் கேட்டது உங்களைத்தான். அதை எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். பையைத் திறந்ததையும் சொன்னேன். மேலே பார்த்தபடி கேட்டுக்கொண்டு கிடந்தார். பிறகு, "நீ சாப்பிட்டனியா?" என்றார். ஏன் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. நேற்றில் இருந்து என்னோடு தன்மையாகத்தான் கதைக்கிறார். எனக்கு அது தாங்க ஏலாமல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வெளிக்கிட்டு வாங்கோ. அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இந்த வாங்கில் வைத்து என்னை ஏசுங்கோ. பொங்கலன்று ஏசினதைவிடச் சத்தமாக, ஆர் நின்றாலும் பரவாயில்லை. அவர் ஏசமாட்டார். எனக்கு வேறு ஆளில்லை.

கமலா